திருவிருந்து கொடுக்காதவன்

மொன்றியலில் எங்கள் தமிழ் மெதடிஸ்ட் சேகரத்துக்கு மூன்று சபைகள். குருப்பட்டம் பெற்ற போதகர் ஒரே ஒருவர், அவரும் ரொறன்ரோவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கிப்பவன் நான், உபதேசியார் ஹென்றி. கிழமை நாட்களில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறேன். ஞாயிறு காலை செயின்ட்-மிஷேல், மத்தியானம் டோர்வல், பின்னேரம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. அந்தக் காலத்துப் பிரசங்கிமார் குதிரையில் ஊர் ஊராய்ப் போனார்கள். எனக்கு பஸ். பனிக்காலத்தில் குதிரையே பரவாயில்லை என்று தோன்றும்.

பிரசங்கிக்கலாம், ஜெபிக்கலாம், செத்த வீட்டில் பாடலாம். திருவிருந்து மட்டும், இயேசுவின் நினைவாகத் தரும் அந்த அப்பமும் திராட்சைச் சாறும் மட்டும், கொடுக்கக் கூடாது. அதற்குப் பட்டம் வேண்டும்.

மே மாதம் ஜொய்சி அக்கா ஆஸ்பத்திரியில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வியாழன் மத்தியானம் பார்க்கப் போனேன். அவருடைய கணவர் றெக்ஸ் அண்ணை ஒரு துண்டுப் பாணும், கீழே டெப்பனர் பெட்டிக்கடையில் வாங்கிய திராட்சைச் சாறும் தயாராக வைத்திருந்தார்.

“தம்பி, இதை நீர் தாரும். போதகர் ஐயா வரும் வரைக்கும் நான் இருக்கமாட்டன்,” என்றார் அக்கா.

“எனக்கு அதிகாரம் இல்லை அக்கா. ஞாயிறு ஐயா வாறார். கொஞ்சம் பொறுங்கோ.”

சட்டத்தைச் சொன்னேன், உண்மையைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பட்டத்துக்கான நேர்முகம். பதினொரு வருடம் அதற்காகக் காத்திருந்தவன் நான். யாராவது கோள் சொன்னால் எல்லாம் பாழ். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அக்கா திரும்பக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை இறந்து போனார்.

நேர்முகத்துக்கு என்னைக் காரில் கூட்டிப் போனதும் றெக்ஸ் அண்ணைதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே குழுவில் ஒருவர் சரித்திரம் கேட்டார்: எங்கள் மெதடிஸ்ட் முன்னோர் வழக்கத்தை மீறிப் பிரசங்கிமாருக்குப் பட்டம் கொடுக்கத் துணிந்தது ஏன்?

அமெரிக்காவுக்குக் கடல் கடந்து போன சனங்கள் திருவிருந்து இல்லாமலே செத்துக்கொண்டிருந்தார்கள், சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முன்னோருக்கு மனம் வரவில்லை என்றேன். பாடமாக்கிய பதில். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மிக நல்ல பதில் என்று எழுதிக்கொண்டார்கள்.

காரில் ஏறியதும் கொட்டிவிட்டேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் குடுத்திருக்கலாம். பட்டம் போயிடுமெண்ட பயத்திலதான் குடுக்கேல்லை.”

அவர் திருப்பப் போன சாவியை விட்டுவிட்டார்.

“அது அவவுக்குத் தெரியும் தம்பி. நீர் போனாப்பிறகு நான்தான் கோவிச்சனான். திருப்பிக் கூப்பிடட்டோ எண்டு கேட்டன். வேண்டாம், பெடியன்ர பட்டத்துக்குப் பிழை வந்திடும் எண்டு சொல்லிப்போட்டு, பாணை மூடி வைக்கச் சொன்னவ.”