மூன்றாம் வரிசை, நான்காம் இருக்கை

புதிய பருவத்தின் நிகழ்ச்சி நிரல் அச்சகத்திலிருந்து வந்த செப்டம்பர் காலையில், நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்கான எங்கள் அறையிசைச் சங்கத்தில் என் அளவுக்கு மகிழ்ந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஐந்து கச்சேரிகள். முதல் கச்சேரியே பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும். பத்தொன்பது வருடங்களாக இருக்கைகளை ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. அத்தனை வருடமும், தாமதமாக வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதற்காகக் கதவோரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிறருடைய பிடரிகளைப் பார்த்தபடி இசை கேட்டவன் நான். இந்த வருடம் கதவைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் கிடைத்துவிட்டார். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது மூன்றாம் வரிசை, இடப்பக்கம், நான்காம் இருக்கை. பியானோ வாசிப்பவரின் பத்து விரல்களும் அங்கிருந்து தெரியும்.

அது ஹெர்மீனே ஸ்டாட்லருடைய இருக்கை.

எங்கள் ஊரில் இருக்கை சாதாரண விஷயமல்ல. மண்டபத்தில் நூற்று அறுபது பேர்தான் உட்காரலாம். சந்தாதாரர் தானாக விடும்வரை இடம் அவருடையது. பல் மருத்துவர் க்ரூபரும் அவரை விவாகரத்து செய்த மனைவியும் எட்டு வருடமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அருகருகே உட்கார்ந்து கேட்கிறார்கள். இருவரில் ஒருவரும் இடத்தை விடுவதாக இல்லை. ஒன்றுதான் நிபந்தனை: ஒவ்வொரு வருடமும் மே முப்பத்தொன்றுக்குள் சந்தாவைப் புதுப்பிக்கும் படிவம் தபாலில் எனக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் போய்விடும்.

ஸ்டாட்லர் அம்மாவின் படிவம் மே இருபத்தேழாம் தேதி வந்தது. வழக்கம்போல நேர்த்தியான கையெழுத்து. அதை வாசித்துவிட்டு, பழைய நிகழ்ச்சிக் குறிப்புகள் வைக்கும் கோப்புக்குள் செருகினேன். இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூன் ஒன்றாம் தேதி நான் தட்டச்சு செய்த பட்டியலில், மூன்றாம் வரிசையில் அவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது.

சீட்டு வழங்கும் நாளன்று அவர் வரிசையில் நின்று வந்தார். எழுபத்தெட்டு வயது, தனியாக வாழ்பவர், மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். உறையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ரைட்டிங்கர், பதினோராவது வரிசைன்னு போட்டிருக்கு. என்னை ஊருக்கு வெளியவே தள்ளிட்டீங்களா?"

படிவம் வரவில்லை என்றேன். குரலில் நடுக்கம் இல்லை. யாரோ ஒருவர் விலகியதால், அரும்பாடுபட்டு இந்த இடத்தையாவது அவருக்காகப் பிடித்து வைத்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. "தபால்தலை ஒட்டினது ஞாபகம் இருக்கே," என்றார் மெதுவாக. பிறகு, "ஒட்டினதா நெனச்சுக்கிட்டேன் போல. உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்."

பின்னால் நின்ற க்ரூபர், அடுத்த மே மாதம் தானே வந்து அவரைத் தபால் நிலையத்துக்கு அழைத்துப் போவதாகக் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து, முதல் கச்சேரிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவருடைய மகள் பிர்கிட் சால்ஸ்பர்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவின் சந்தாவை ரத்து செய்ய வேண்டுமாம். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, அதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்றாள். அனுப்பாத ஒரு படிவத்தை அனுப்பியதாக நம்பியதில்தான் அது தெரிய வந்ததாம். இப்போது அடுப்பை அணைத்தோமா என்று படியிறங்கியவர் மூன்று முறை திரும்பி ஏறிப் பார்க்கிறாராம். தன் வீட்டருகே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போவதாகவும் சொன்னாள். இத்தனை வருடம் அம்மாவைக் கவனித்துக்கொண்டதற்கு எனக்கு நன்றியும் சொன்னாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மதியமே ஸ்டாட்லர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே சொன்னேன்.

"படிவம் வந்துதும்மா. மே இருபத்தேழு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். அந்த இடம் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

"இருபத்தேழா?"

"ஆமா."

"அப்ப நான் அனுப்பியிருக்கேன்."

"அனுப்பினீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வசவு வரும் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அதற்குப் பதில், நல்ல சேதி கேட்டவரைப் போல அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அந்தத் தெளிவு போயிருந்தது.

"முப்பத்தாறு வருஷம் மருந்து குடுத்திருக்கேன். ஒருத்தருக்குக்கூட மாத்திக் குடுத்ததில்ல. இந்த மூணு வாரமா என் மாத்திரைய நானே எடுத்துப் போடப் பயமா இருக்கு."

இருக்கை அவருடையதுதான் என்றேன். சங்கக் குழுவுக்கு எழுதிப் பொறுப்பிலிருந்து விலகிவிடுவதாகவும் சொன்னேன். இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டு போனேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதெல்லாம் உங்க சங்கத்து விஷயம். பிர்கிட்டுக்கு இப்பவே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. இதையும் நானே கற்பனை பண்ணிக்கிட்டேன்னு நெனப்பா."

எண்ணை அவரே அழுத்தினார், பார்க்காமல், மனப்பாடமாக. தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நாலாவது மணியில் பிர்கிட் எடுத்து, அம்மா, என்னாச்சு என்று பதறினாள்.

நான் என் பெயரைச் சொன்னேன். அம்மா நன்றாக இருக்கிறார் என்றேன். அந்தப் படிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். ஸ்டாட்லர் அம்மா எதிரே கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதியோட சொல்லுங்க," என்றார்.