சின்ன வண்டியின் சத்தம்

கொட்டகைக்கு முன்னாலிருந்த குட்டைச் சுவரின் மேல் ஏறி நின்று கோதண்டம் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். பந்தயத் தடத்தின் நேர்ப்பாதையில் காரில் வந்துகொண்டிருந்த சம்பத்துக்கு அது உற்சாகப்படுத்துவது போலத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, வெயில் இன்னும் ஏறவில்லை, வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது கியரில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதாக அவன் நினைத்தான். அப்போதுதான் இருக்கைக்கு அடியில் யாரோ சுத்தியலால் அடித்தது போல ஓர் அதிர்வு வந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரைப் பார்த்தான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. வண்டி தானாக உருண்டு போய்ப் புல்லோரம் நின்றது.

கோதண்டம் ஓடி வந்து பானெட்டைத் திறந்தான். எண்ணெய் தீய்ந்த வாடை முகத்தில் அடித்தது. அளவுக்கு மேல் சுற்றியதில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும் என்பது திறந்து பார்க்காமலே இருவருக்கும் தெரிந்தது.

“இன்னா மச்சான், அந்தக் கத்து கத்துது. உனுக்குக் கேக்கலியா?”

“கியர் மாட்டிக்கிச்சு,” என்றான் சம்பத். “மூணுலேர்ந்து வெளிய வரல.”

கோதண்டம் அவன் முகத்தைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். அடுத்த வாரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த பட்டறையில் கியர் பெட்டியைக் கழற்றி மேசைமேல் பரப்பி வைத்திருந்தான். பற்கள் எல்லாம் கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தன. சம்பத் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனான். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே அவர்கள் கூட்டாளிகள். கோதண்டம் எஞ்சினைக் கட்டுவான், சம்பத் ஓட்டுவான். பந்தயம் பூந்தமல்லி தாண்டிப் புதிதாகப் போட்ட தடத்துக்கு மாறியபோது அவர்களும் மாறினார்கள். வண்டிகள் பரந்தாமனுடையவை. எஸ்டேட்டில் வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருந்தவர் அவர். வருகிற லாபத்தை வீட்டார் கண்ணில் படாமல் வண்டியில் போடுகிற ஆசாமி.

சின்ன வண்டி என்று எல்லோரும் சொன்ன அந்த வெள்ளை வண்டியின் எஞ்சின் உண்மையிலேயே சின்னதுதான். கீழ்ச்சுற்றில் அதற்கு உயிரே கிடையாது. காய்கறி வாங்கப் போகிற வண்டி போல முனகிக்கொண்டிருக்கும். விடாமல் மிதித்து மேலே மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்போது கரகரப்புப் போய்க் குரல் தெளியும். ஏழாயிரத்தில் வண்டி மொத்தமும் ஒரே சத்தமாகி விடும். அதற்கும் மேலே, எட்டாயிரத்தை நெருங்குகையில், எல்லாச் சத்தத்துக்கும் உச்சியில் மெல்லிய கீச்சு ஒன்று கிளம்பும். கியர் மாற்ற வேண்டிய இடம் அது. ஏறுகிற வழி முழுக்கக் கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் கொடுக்கும். வளைவின் நடுவில் கால் பெருவிரலைத் துளி தளர்த்தினால் வண்டியின் மூக்கும் துளி உள்ளே திரும்பும். சம்பத் மீட்டரைப் பார்த்து ஓட்டியவன் இல்லை. வளைவில் கண்ணை எடுத்து முள்ளைத் தேடுகிற நேரத்தில் வண்டி எங்கேயோ போயிருக்கும். அவனுக்குக் காது போதுமானதாக இருந்தது.

அந்தக் கீச்சுத்தான் கொஞ்ச காலமாக வரவில்லை. கோதண்டம் புகைக்குழாயை மாற்றியதால் இருக்கும் என்று சம்பத் முதலில் நினைத்தான். பிறகு, வீட்டுப் பக்கம் சிட்டுக்குருவிகள் வருவது நின்றுவிட்டதாக நினைத்தான். ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே நிமிர்ந்தபோது மின்கம்பியில் நாலைந்து குருவிகள் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவன் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போனான். மனைவியிடம் சொல்லவில்லை.

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் அவன் மனைவி லோகநாயகிக்கு வேலை. சேக்காட்டுப் பக்கம் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸும் அவள் பேரில் கிடைத்ததுதான். நூற்றுக்கணக்கான தையல் மிஷின்கள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் உட்கார்ந்து பழகியவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். பேசுவதற்கு முன் எதிரில் வந்து நிற்பார்கள். லோகநாயகி வீட்டிலும் அப்படி நிற்க ஆரம்பித்திருந்தாள். சம்பத் அதைக் கவனிக்கவில்லை. பெண்டாட்டி இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

சின்ன வண்டி எழுந்திருக்க நாளாகும், அடுத்த மாதப் பந்தயத்துக்கு டர்போவை எடுத்துக்கொள் என்று பரந்தாமன் சொல்லிவிட்டார். ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்த நீல வண்டி அது. மழமழவென்று பார்க்க அழகாக இருக்கும். யாரும் அதைப் பந்தயத்தில் விட்டதில்லை.

முதல் நாள் சம்பத் நேர்ப்பாதையில் அழுத்தி மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ கோளாறு என்று நினைத்துக் காலை எடுக்கப் போன நேரத்தில், முதுகில் யாரோ இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துத் தள்ளியது போல வண்டி பாய்ந்தது. தலை பின்னால் போய் மோதியது. சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் வினோதமாக இருந்தது. சின்ன வண்டியில் வேகத்துக்குப் படிப்படியாக ஏறிப் போகலாம். இதில் படியே கிடையாது. இரண்டாவது வளைவில் பழக்கதோஷத்தில் நடுவளைவிலேயே காலை வைத்தான். கேட்ட இடத்தில் கொடுக்காமல், வளைவு முடிகிற இடத்தில், சக்கரம் இன்னும் திரும்பியிருக்கும்போது எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டியது. வண்டியின் பின்புறம் முன்னால் வந்துவிட்டது. சுழன்று மணலில் போய் நின்றபோது அவன் வந்த வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கோதண்டம் மணலில் நடந்து வந்து ஜன்னலில் கை வைத்துக் குனிந்தான்.

“புகை போற வழியில ஒரு சின்ன ஃபேன் கீது மச்சான். அது வேகம் புடிச்சாத்தான் காத்த உள்ள திணிக்கும். அது வரைக்கும் வண்டி தூங்கினுதான் இருக்கும். ஆனா சொல்லாம தள்ளாது. மொதல்ல விசில் வரும். விசில் வந்துச்சுன்னா ஸ்டீயரிங்க நேராக்கிடு, அவ்ளோதான்.”

சம்பத் தலையாட்டினான். கோதண்டம் போகவில்லை. சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, இருக்கை இல்லாத வெறுந்தரையில் குந்தி, இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டான். விசில் வரும்போது விரலைத் தூக்கு என்று மட்டும் சொன்னான்.

நேர்ப்பாதையில் சம்பத் மிதித்தான். உத்தேசமாக விரலைத் தூக்கினான். அதற்குப் பிறகும் வெகுநேரம் வண்டி தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை முதுகில் தள்ளு விழுந்த பிறகு தூக்கினான். அதற்கடுத்த முறை விரல் ஸ்டீயரிங்கை விட்டு அசையவே இல்லை. கோதண்டம் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். சம்பத் வண்டியை ஓரம் கட்டினான்.

“எத்தினி நாளா?” என்று கோதண்டம் திரும்பிக் கேட்டான்.

“தெரியல. பரந்தாமன் சார்கிட்ட சொல்லிடாத மச்சான். இந்த ஒரு ரேஸ் முடியட்டும்.”

“கியர் பாக்ஸ் விசயத்தையே நான் சொல்லல,” என்றான் கோதண்டம். “சொல்றதுன்னா நீதான் சொல்லணும்.”

அன்று சாயங்காலம் லோகநாயகி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சம்பத் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தொடங்கி, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினான். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன்னுடைய எலக்ட்ரானிக் கைக்கடிகாரத்தை எடுத்து வந்து அவன் முன் வைத்தாள். அலாரம் வைத்து அதை அவனுடைய பேப்பருக்கு அடியில் ஒளித்து வைத்ததையும், அது கத்திக் கத்தித் தானாக ஓய்கிற வரை அவன் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். போன தீபாவளிக்கு முன்னால் நடந்தது அது.

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொன்னா ஓட்டறத விட்டுடுவீங்க. விட்டுட்டு வீட்ல உக்காந்திருக்கற உங்கள என்னால நெனச்சுப் பாக்க முடியல.”

அவன் விசிலைப் பற்றிச் சொன்னான். அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, அந்த விசில் எனக்குக் கேட்குமா என்று கேட்டாள்.

வேலை நாளில் தடம் காலியாக இருக்கும் என்பதால் அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கோதண்டம் பழைய இருக்கை ஒன்றைத் தரையில் முடுக்கி, அவளைப் பெல்ட்டால் கட்டிவிட்டான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெரிய ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் கடுகாகிவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் வண்டி ஓட்டி அவள் பார்த்திருக்கிறாள். கூட உட்கார்ந்து போனதில்லை.

மிதித்தான். ஒன்றுமில்லை. அவள் வலது கை அவன் தொடையில் தட்டியது. ஒரு மூச்சு இழுக்கிற இடைவெளி. பிறகு தள்ளு வந்தது. அவள் ஏதோ கத்தினாள், என்னவென்று கேட்கவில்லை. மறுபடி மிதித்தான், மறுபடி தட்டினாள். அவள் தட்டுகிற கணத்தில் முதுகுப் பலகையில் எறும்பு ஊர்வது போன்ற ஒரு குறுகுறுப்பு இருப்பதை நாலாவது சுற்றில் கண்டுகொண்டான். வேண்டியதை வேண்டும் முன்பே கேட்டுவிட வேண்டும், இந்த வண்டியின் சூட்சுமம் அவ்வளவுதான் என்று தோன்றியது. வளைவுக்குள் நுழையும்போதே காலை வைத்துவிட்டு, காத்திருந்து, அது விழித்துக்கொள்ளும்போது ஸ்டீயரிங் நேராக இருக்கும்படி பார்த்துக்கொண்டான். தள்ளு சரியாக வெளிவாசலில் வந்து விழுந்தது. வளைவிலிருந்து கல் எறிந்தாற்போல வண்டி கிளம்பியது. சின்ன வண்டி ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை. அடுத்தடுத்த வளைவிலும் அப்படியே வந்தது. தொடையில் அவள் கை இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. காதே தேவையில்லை, முதுகு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அடுத்தது இடது வளைவு. வெளியோரத்திலிருந்து உள்ளே திருப்பத் தொடங்கினான். லோகநாயகியின் கை அவன் தோளில் ஓங்கி அறைந்தது. திரும்பினான். அவளுடைய கதவுக்கு ஒரு சாண் தூரத்தில், சிவப்பு வண்டி ஒன்றின் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது, எப்போது தடத்துக்குள் நுழைந்தது, ஒன்றும் தெரியவில்லை. அது பிரேக் பிடித்துப் புகை கக்கிக்கொண்டு பின்வாங்கியது.

சிவப்பு வண்டியில் வந்தவன் ஜேம்ஸ். வேறொரு குழுவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன், அன்று ஒத்திகைக்கு வந்திருந்தான். கொட்டகைக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சம்பத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“நான் பக்கத்துல வந்துட்டேன்னு தெரிஞ்சும் உள்ள வந்தீங்க பாருங்க அண்ணே. அந்தத் தைரியம் எனக்கு வராது.”

சம்பத் கையை விடுவித்துக்கொண்டான். ஜேம்ஸின் தோளுக்குப் பின்னால் லோகநாயகி பெல்ட்டின் கொக்கியைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் இழுத்தும் அது கழலவில்லை. கோதண்டம் போய்க் கழற்றிவிட்டான்.

அன்று பிற்பகலே சம்பத் பரந்தாமனுடைய தொழிற்சாலைக்குப் போனான். கியர் பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். பரந்தாமன் குறுக்கிடாமல் கேட்டார். கோபப்படவும் இல்லை. டாக்டரைப் பார்க்கலாம் என்றார், ஆள் இல்லாத தடத்தில் டர்போவை ஓட்டிச் சீர்படுத்துகிற வேலையை நீயே வைத்துக்கொள் என்றார். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவர் பேசியதெல்லாம் தேவையில்லாத அளவுக்கு உரக்க இருந்தது. வெளியே நின்றிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சம்பத்துக்கு அன்றைய நாளில் வலித்தது அது ஒன்றுதான்.

பந்தயத்துக்கு ஜேம்ஸை, அவன் குழுவிடம் கேட்டு, அழைத்தார்கள். டர்போவைப் பழக நேரமில்லை, சின்ன வண்டியை எழுப்பித் தந்தால் ஓட்டுகிறேன் என்றான். கோதண்டம் ராப்பகலாக உட்கார்ந்து எழுப்பிக் கொடுத்தான். எத்தனை சுற்றில் கியர் மாற்ற வேண்டும் என்று ஜேம்ஸ் கேட்டபோது சம்பத்துக்கு எண் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினான். முனகலில் தொடங்கி, கரகரத்து, தெளிந்து, மெல்லிய நுனி வரை கொண்டுபோய் நிறுத்தினான். பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். “அதேதான்,” என்றான் கோதண்டம், குனிந்து ஸ்பேனரைத் தேடிக்கொண்டு.

பந்தயத்தன்று சம்பத் கொட்டகையில் இருக்கவில்லை. லோகநாயகியோடு கடைசி வளைவுக்குப் பக்கத்தில் கம்பி வேலி ஓரமாக, கூட்டத்தோடு நின்றான். வெயிலுக்கு அவள் முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். தூரத்தில் கானல் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் வண்டிகள் புள்ளிகளாகத் தெரிந்து பெரிதாகி வந்தன. மூன்றாவதாக வெள்ளை வண்டி. வளைவை விட்டு வெளியே வந்து ஜேம்ஸ் மிதித்தபோது அதன் பின்பக்கம் லேசாக அமர்ந்ததைச் சம்பத் பார்த்தான். வேலியோரம் நின்ற அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுண்டல் விற்பவர் கூடையை இடுப்புக்கும் வேலிக்கும் நடுவில் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் பொத்தினார். லோகநாயகியும் பொத்திக்கொண்டு பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சம்பத்தின் கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தாழ்ந்த குரலில் ஏதோ சொல்கிற ஒருவர் பக்கம் சாய்வது போல, அவன் தலையை வேலிக்கு அப்பால் நீட்டியிருந்தான்.