சாய்ராகான் இன்னும் கை விரிக்கவில்லை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்க, ‘பிஷ்கெக்கில் அன்று பனி’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன். அன்று பனி பெய்யவே இல்லை. அடித்துவிட்டேன்.

அடுத்த தொடக்கம்: ‘மருத்துவம், பொருளாதாரம், சட்டம், சமூகவியல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் முதுமையை’... இது எங்கள் துறையின் விளம்பரம் மாதிரி இருக்கிறது. இதுவும் போகட்டும்.

நேராகவே சொல்கிறேன். முதுமையியலில் என்னோடு முதுகலை படித்த சாய்ராகானுக்கு எழுபத்தொரு வயது. நிலநடுக்க ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் வயதானவர்களிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதைப் பற்றி ஆய்வேடு எழுதினார்.

[இங்கே அவருக்கு ஒரு இருமலும் கைத்தடியும் கொடுத்திருந்தேன், உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்று. படித்தால் அந்தத் தடியாலேயே என்னைச் சாத்துவார். எடுத்துவிட்டேன்.]

2

அவருடைய ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு முடிந்தது. பட்டம் தரலாமா என்று தேர்வுக் குழுவின் வாக்கெடுப்பு, பிறகு விருந்து என்பதுதான் வழக்கம். ஆனால் இறைச்சி அடைத்த சாம்சா அடுப்பிலிருந்து சுடச்சுட வந்துவிட்டது. குழுத் தலைவர் தலாய்பெக்குக்கு நல்ல பசி. “முதல்ல சாப்பிடுவோம்,” என்றார். சாப்பிட்டோம். நான் தேநீர் ஊற்றினேன். தலைவர் விரலைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“எஜே*, ஆய்வு பிரமாதம். ஆனா முதுமையைப் பத்தி வயசானவங்களே எழுதினா நடுநிலை இருக்காது. நம்ம விரிவுரையாளர் மீர்லான் பேர்ல போட்டுடலாம். நீங்க முக்கியத் தகவலாளியா இருங்க.”

“தம்பி, நிலநடுக்கத்தை அளந்தப்பவும் நான் ஆடுற தரையிலதான் நின்னேன். அப்ப யாரும் நடுநிலை கேக்கலையே?”

“கோவிச்சுக்காதீங்க. இந்த வயசுல பட்டம் உங்களுக்கு எதுக்கு?”

“இந்த வயசுல உனக்குத் தலைவர் பதவி எதுக்குன்னு நான் கேட்டேனா?”

மீர்லான் “எனக்கு வேணாம்” என்று முணுமுணுத்தான். யாரும் காதில் வாங்கவில்லை.

(*கிர்கிஸ் மொழியில் அக்கா. எங்கள் ஊரில் மூத்த பெண்களை இப்படித்தான் அழைப்போம், முதுகில் குத்தும்போதும்.)

3

“சரி, பக்கத்து அறையில வாக்கெடுப்போம்,” என்று தலாய்பெக் பாதி எழுந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிட்ட பிறகு, மேசையில் மூத்தவர் உள்ளங்கை விரித்து ஆசி சொல்லும்வரை இங்கே யாரும் எழுவதில்லை. அமைச்சராக இருந்தாலும் சரி, ஆட்டிடையனாக இருந்தாலும் சரி. எப்போதும் அங்கே மூத்தவர் தலாய்பெக்தான். அந்த நினைப்பிலேயே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் இன்றைக்கு மூத்தவரான சாய்ராகானின் கைகளைப் பார்த்தார்கள். அவர் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.”

“எஜே, ஆசி குடுங்க, நேரமாகுது.”

“தகவலாளி ஆசி குடுக்கலாமா? நடுநிலை போயிடுமே!”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். (என் பட்டமும் அதே குழுவின் கையில்தான் இருந்தது. இருந்தால் என்ன?)

“இங்கயே கை தூக்குங்க,” என்றார் சாய்ராகான். “ஆய்வு யாரோடதுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் எழுந்திருங்க.”

4

முடிவு அ: கை தூக்கினார்கள், பட்டம் கிடைத்தது. பிடிக்கவில்லை. அவர்கள் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

முடிவு ஆ: ஒருவர் ஆசி வாங்காமலே எழுந்து கதவை... முடியவில்லை. அப்படி ஓர் ஆளை எங்கள் ஊரில் எனக்குக் கற்பனை செய்ய வரவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் உச்சுக் கொட்டிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

சாம்சா தீர்ந்துவிட்டது, தேநீர் ஆறிவிட்டது. நீங்களும் இந்த மேசையில்தான் இருக்கிறீர்கள், சாய்ராகான் இன்னும் ஆசி சொல்லவில்லை. ஆய்வு யாருடையது? கையைத் தூக்குங்கள், பார்க்கிறேன்.