முதல் அலையை அவளுக்கு விட்டேன்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல, என்னிடம் கேட்டு வாங்கப்படுவது. கேட்டவள் நோஹேயாக்கா. எங்கள் தீவின் வயானே கரையில் பேருந்து ஓட்டுகிறாள், வயது ஐம்பத்தொன்று. போன பிப்ரவரியில் மகாஹாவில் துடுப்புப் பலகையோடு அலையேறும்போது விழுந்தாள், முழங்கால் தசைநார் அறுந்துபோனது. இப்போது நவம்பர். வடமேற்கிலிருந்து பெரிய அலைகள் வரத் தொடங்கிவிட்டன. அவளோ வரும் சனிக்கிழமை சரக்குப் படகில் தன் பலகையை வேறு தீவில், ஹிலோவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிவிடப் போகிறாள்.

"நம்ம துடுப்புப் பலகைச் சங்கத்து மலருக்கு வருஷா வருஷம் நீதானடி எழுதுற, இவா," என்றாள் என் பேரைச் சொல்லி. "இந்த வருஷம் என் கடைசி அலைய எழுது. அழுவாச்சியா எழுதிராத. சங்க விருந்துல சாப்பாட்டு வரிசையில நின்னுகிட்டே சிரிச்சுப் படிக்கணும்."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ஒன்பது நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளி நூலகத்தில் புத்தகங்களைத் தப்பான அலமாரியில் அடுக்குகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "கடல் அன்று அமைதியாக—"

அமைதியாக இருந்தால் நாங்கள் அங்கே ஏன் போகிறோம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "துடுப்புப் பலகையில் படுத்திருந்து எழ வேண்டியதில்லை, ஆரம்பத்திலிருந்தே நிற்கிறோம். இரண்டு பாதமும் பக்கம் பக்கமாக, முகம் கரையைப் பார்த்து, துடுப்பை வலித்துக்கொண்டே வர வேண்டும். அலை பலகையின் பின்பக்கத்தைத் தூக்கும் நொடியில் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைக்க வேண்டும். முந்தினால் பின்பக்கம் அமுங்கி, அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடும். பிந்தினால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும். அலை செங்குத்தாக எழும் இடத்தில் அந்த நொடி மேலும் சுருங்கி—"

பயிற்சி வகுப்புத் துண்டறிக்கை போல இருக்கிறது. ஆனாலும் அடிக்கவில்லை. இது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

மூன்றாவது: "அக்காவின் கால் பிந்திவிட்டது."

நல்ல வரி. சின்னது, சுத்தமானது. நாலு நாள் அப்படியே கிடந்தது. அதற்குக் கீழே ஒரு சொல்கூட வந்து உட்கார மறுத்தது. ஏனென்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். (சொல்லப் பார்க்கிறேன்.)

3.

கதையை நிறுத்திவிட்டு ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

துடுப்போடு நிற்பவள் அலைக்குத் தயாராகிக் கரைப்பக்கம் திரும்பிவிட்டால், பின்னால் பார்ப்பது கடினம். கழுத்தைத் திருப்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் பலகை ஆடும். அதனால் பக்கத்தில் நிற்பவர் அவளுக்காகப் பார்ப்பார். வருகிற அலை நல்லதென்றால் "போ!" என்று கத்துவார். கத்திவிட்டால் அவள் போயே ஆக வேண்டும். குரல் கேட்டும் பின்வாங்கியவளுக்கு அன்று முழுக்க ஒருவரும் அலை விடமாட்டார்கள். ஏளனம் வேறு கூடவே வரும். "என்னடி, கடல் கடிச்சிருமோ?" என்று ஒரு வாரம் கேட்பார்கள்.

கத்துகிறவருக்கு என்ன விதி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. அடுத்தவள் முதுகுக்குப் பின்னால் நாம் அவள் கண், அவ்வளவுதான்.

[அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: இந்தப் பத்தியை எழுதிவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டேன். குடிக்கவில்லை. கடலைப் பார்க்க வண்டியெடுத்துப் போனேன். அலை ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. பலகையை இறக்காமலே திரும்பிவிட்டேன்.]

4.

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. "நான்" என்கிற பாத்திரத்தின் மேல். அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு ஹெனெரி மாமாவை உள்ளே கொண்டுவந்தேன். எழுபது வயது, சங்கத்திலேயே பெரிய தொண்டை. அவர் கத்தினார் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

"'போ!' என்று மாமா கத்தினார். அக்கா போனாள். கால் பிந்திவிட்டது."

அந்த வரைவை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் அடுப்படித் தரையில் நீல நிற நாடா ஒட்டியிருந்தது, பாதம் விழ வேண்டிய இடங்களில் நாலு துண்டு. படித்தாள். புருவம் சுருங்கியது.

"இவரு எங்கடி வந்தாரு?"

"கதைக்கு வேணும்க்கா."

"அன்னிக்கு மாமா இடுப்பு பிடிச்சுகிட்டுக் கரையில நாற்காலியில கெடந்தாரு. மடியில மீன் போக்கே டப்பா. மலர் வந்ததும் இதப் படிச்சாருன்னா, 'நானா கத்துனேன்'னு உன் வீட்டு வாசல்ல வந்து கத்துவாரு."

"பேர மாத்திடுறேன்."

"எதுக்கு மாத்தணும்? கத்துனது நீ. உன் கொரலு கேட்டுச்சு, அதான் போனேன். வேற யாராவது கத்தியிருந்தா, விழுந்தாலும் பரவால்லன்னு ஒரு தடவ திரும்பிப் பாத்திருப்பேன்."

இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மூலையிலிருந்த துடைப்பத்தைத் துடுப்பாகப் பிடித்து, நாடாமேல் நின்று, காலைப் பின்னால் எடுத்து வைத்துக் காட்டினாள். மறுபடி. மறுபடி.

"பாரு, தரையில சரியா வருது. பஸ்ஸுல பிரேக் போடுறப்பகூடப் பின்காலு தானா போகுது, பின்சீட்டுப் பொம்பளைங்க சிரிக்கிறாளுக. அன்னிக்கு மட்டும் ஏன் லேட்டாச்சு? ஒம்போது மாசமா இதே யோசனை. வேற என்ன, வயசுதான். கால் சொன்னபடி கேக்கலன்னா கடல்ல எனக்கு என்ன வேலை? அதான் பலகையத் தம்பிக்குக் குடுத்துடுறேன்." துடைப்பத்தை ஓரமாக வைத்தாள். "அத ஒளிக்காத. கால் பிந்திடுச்சுன்னே எழுது. பொய் மட்டும் எழுதாத."

5.

மூன்று அலைகள் வரிசையாக வந்தன.

முறை அக்காவுடையது. அவள் கரைப்பக்கம் திரும்பியாகிவிட்டது. நான் கடலைப் பார்த்து நின்றேன். படுத்திருப்பவர்களைவிட நிற்பவளுக்கு ஒரு அலை அதிகமாகத் தெரியும். எனக்கு முதல் இரண்டும் தெரிந்தன.

முதல் அலை பாறைமேலிருந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வந்தது. அதன் முகத்தில் பாதி உயரத்தில் ஒரு படி வெட்டியிருந்தது. அந்தப் படியில் எவள் காலும் நிற்காது, எப்போது எடுத்து வைத்தாலும் நிற்காது. அதற்குப் பின்னால் இரண்டாவது, நீளமாக, வழவழவென்று, ஒரு சுருக்கமில்லாமல் வந்தது. முதலாவதை விட்டுவிட்டால் இரண்டாவது அக்காவுக்கு. முதலாவதில் அவள் போய்விட்டால் இரண்டாவது எனக்கு.

இதை யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு காற்புள்ளி போடும் நேரம்கூட இல்லை. யோசிக்கவே இல்லை என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். யோசித்தேன்.

"போக்கா! போ! போ!" என்று கத்தினேன்.

அவள் போனாள்.

இரண்டாவதில் நான் போனேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு அலை எனக்குக் கிடைத்ததில்லை. கால் தானாகப் பின்னால் போனது, துடுப்பு தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தது, நான் வாய்விட்டுச் சிரித்தேன். இதையும் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லி என்ன பயன்? சந்தோஷமாக இருந்தது. அலையின் தோளில் இறங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான் அவள் பலகை தனியாகக் கவிழ்ந்து மிதப்பதைக் கண்டேன்.

அவளை இழுத்துவந்து கரை சேர்த்தது நான்தான். எல்லாரும் மெச்சினார்கள். அவள் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய லாவ்லாவ், இலையில் பொதிந்து அவித்த இறைச்சி, சமைத்து அனுப்பினார்கள். சாப்பிட்டேன். ஹெனெரி மாமா மட்டும், "ரெண்டாவத நல்லாப் பாத்து எடுத்தடி," என்றார். அது பாராட்டா, வேறெதுவுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

6.

முடிவு அ: நான் சொல்கிறேன். அக்கா துடைப்பத்தால் நாலு சாத்து சாத்துகிறாள், பிறகு சிரிக்கிறாள், சனிக்கிழமை இருவரும் கடலில். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. சிநேகிதியை இழந்து பழக்கமில்லாதவர்கள் எழுதும் முடிவு இது.)

முடிவு ஆ: சொல்லவில்லை. பலகை ஹிலோவுக்குப் போகிறது. கதை நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். அக்கா ஹெனெரி மாமாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் அலையேறுவதைப் பார்க்கிறாள். அவ்வப்போது குனிந்து தன் காலைப் பார்க்கிறாள்.

முடிவு இ: சொல்கிறேன். அவள் பலகையை வைத்துக்கொள்கிறாள். என்னை வைத்துக்கொள்ளவில்லை.

இதை இரண்டு முறை எழுதி இரண்டு முறை கிழித்தேன். மூன்று முடிவுகளில் இதில்தான் அவள் கடலுக்குத் திரும்பிப் போவாள் என்று நிச்சயமாகத் தெரிகிறது. கிழித்தது அதில் அவள் பக்கத்தில் நான் இல்லாததால்தான் என்பதும் தெரிகிறது.

7.

இன்று வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. அக்கா என் வீட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். வேலைச் சீருடைகூட மாற்றவில்லை. பலகை வாசலில் வண்டிமேல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு தாளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் படிக்கப் படிக்க நான் இந்தக் கடைசித் தாளை எழுதுகிறேன்.

"நான் இப்படியா பேசுறேன்?" என்று முதல் தாளில் சிரித்தாள். மூன்றாவதில் தலையாட்டினாள். இப்போது நாலாவது.

"மாமா பாவம்டி, கெழவர விட்டுரு," என்கிறாள். மேலே படிக்கிறாள். "பரவால்லியே, கொரலு கேட்டுத்தான் போனேன்னு சொன்னத அப்படியே போட்டுட்ட."

ஐந்தாவது தாள் என் இடது உள்ளங்கைக்குக் கீழே இருக்கிறது. வியர்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதும் மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிடலாம். இன்னும் எழுதி முடிக்கவில்லை, மலரில் பார்த்துக்கொள் என்று சொல்லலாம். நம்புவாள். நான் சொல்லி அவள் எதைத்தான் நம்பாமல் இருந்தாள்?

முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன் என்று சொல்லித் தப்பிப்பது என்னைப் போல எழுதுகிறவர்களுக்குச் சௌகரியம். வாசகர் எங்கோ இருப்பார், முகம் தெரியாது. இங்கே அந்த வசதி இல்லை. வாசகி கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டுகிறாள்.

"அடுத்த தாள் எங்கடி?"

"அக்கா—"

"என்ன அக்கா, நொக்கா? கைய எடு."

கையை எடுத்துவிட்டேன். அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள். மூன்று அலைகள் என்று அவள் உதடு அசைகிறது. சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது. நான் கத்தும் இடத்துக்கு இன்னும் மூன்று பத்தி.