கூட்டுரோட்டில் ஏறியவர்கள்

எங்கள் ஊர் பாறைக்கொல்லைக்கு வந்துகொண்டிருந்த காலை ஆறே முக்கால் டவுன் பஸ்ஸை நிறுத்தியபோது, என் மனைவி சௌமியா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எதையும் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. அவள் தங்கை பூங்குழலி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"மூணு நாள் லேட் மாமா. எட்டு மணிக்கு கேட் மூடிடறாங்க. இன்னொரு வாட்டி லேட்டானா வேலைக்கு வரவேணாம்னுட்டான் சூப்பர்வைசர்."

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், மேல்பாகம் தைக்கும் லைனில் இருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து அங்கே முப்பத்தெட்டு பெண்கள் போகிறார்கள். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் கிளம்பாது.

போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். வழித்தடங்களைப் பார்க்கும் அதிகாரி பரணிதரன், கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார். அந்த ட்ரிப்ல சராசரி ஆறு பேர். ஆறு பேருக்கு எப்படி பஸ் விடறது?"

"நாப்பது பேருக்கு மேல போனாங்க சார். பாதிப் பேர் நின்னுட்டு."

"டிக்கெட் அப்படி சொல்லலியே."

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனாலும் காசில்லாத டிக்கெட் ஒன்றை மெஷினில் அடித்துக் கொடுக்க வேண்டும். திரையில் இருந்த ஆறு பேரும் ஆண்கள்.

அந்த பஸ்ஸின் கண்டக்டர் மஹபூப் பாஷாவை வேறு ரூட்டுக்கு மாற்றியிருந்தார்கள்; வேலூர் பஸ் நிலையத்தில் பிடித்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஃப்ரீதானே தம்பி. காலைல தலை சீவிக்கிட்டே ஏறுவாங்க. சீட்டு வாணாம் பாய்னுவாங்க. சாயந்திரம் ஏறினதும் தூங்கிடுவாங்க. எழுப்பி அந்தச் சீட்டைக் குடுக்க மனசு வரல. உங்க வீட்டம்மாவையும் ஸ்டாப் வந்தாதான் எழுப்புவேன்."

சௌமியா நான்கு வருடம் அந்த பஸ்ஸில் போய் வந்தாள். கணக்கில் ஒரு நாளும் ஏறவில்லை.

"இதை எழுதிக் குடுப்பீங்களா பாய்?"

"குடுத்தா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க தம்பி. ரிட்டயர் ஆவ ஒரு வருஷம்தான் இருக்கு."

மறுபடி கேட்கவில்லை. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

திரும்பவும் பரணிதரனிடம் போனேன். கண்டக்டர் பெயரைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படின்னா டிக்கெட் கேட்டு வாங்கச் சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு பாக்கலாம்."

"எந்த பஸ்ல சார்? அதான் நிறுத்திட்டீங்களே."

கொஞ்சம் யோசித்தார். "கூட்டுரோட்டுக்கு வந்து ஏறட்டும். டிமாண்ட் தெரிஞ்சிடும்."

மெயின் ரோட்டில் பஸ்கள் நிற்கும் கூட்டுரோடு எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர். பூங்குழலி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அந்தாளை ஒரு நாள் எங்ககூட நடக்கச் சொல்லு மாமா. அப்புறம் பேசலாம்."

ஆனாலும் நடந்தார்கள். விடியுமுன் கிளம்பினார்கள். ஏறியதும் முப்பத்தெட்டு பேரும் டிக்கெட் கேட்டார்கள். அந்த பஸ்ஸில் கண்டக்டர் வேறு ஆள்; அவருக்கு எரிச்சல்.

"இன்னாம்மா, ஓசி டிக்கெட்டுக்கு இவ்ளோ அவசரம்?"

"டிக்கெட்டை அடிய்யா. உன் பொண்டாட்டி ஏறினாலும் அடி," என்றாள் கூட நடந்து வந்த ஷஹீன் பானு. பஸ்ஸே சிரித்ததாம்.

பூங்குழலி அதற்குப் பிறகு லேட் ஆகவில்லை. மழை தொடங்கியது. பாதையில் முழங்கால் வரை சேறு. இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் முதலில் வேலையை விட்டு நின்றார்கள். மூன்றாவது மாத முடிவில் இருபத்தேழு பேர்தான் மிச்சம்.

பரணிதரனே போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"உங்க முயற்சிக்கு பலன் கிடைச்சிடுச்சு சார். கூட்டுரோட்ல காலை டிமாண்ட் டபுள் ஆயிருக்கு. கூடுதலா ஒரு பஸ் போட்டாச்சு."

"பாறைக்கொல்லைக்கு?"

"அங்கேர்ந்து ஒரு டிக்கெட்கூட இல்லியே சார்."

ஏறுகிற இடத்தைத்தான் டிக்கெட்டில் அடிக்கிறார்கள். எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்பதை அடிப்பதில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். சொன்னேன். இன்னொரு மனு கொடுக்கச் சொன்னார்.

கொடுத்தேன். அதற்குள் பூங்குழலி இன்னும் இரண்டு பெண்களோடு கூட்டுரோட்டில் ஓர் அறை பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியை என் பைக்கில் கட்டினேன். மாமியார் ஜெயம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"ஒருத்தி போய்ட்டா. இவளாவது கூட இருப்பான்னு நெனச்சேன்," என்றாள்.

"மூணு கிலோமீட்டர்தான்மா," என்றாள் பூங்குழலி.

நான் வண்டியைக் கிளப்பினேன்.