கொக்கிக்கு எதிரே ஒரு காது

பகடை ஆட்டத்தை நான் இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு விதிக்கும் உடம்பில் ஒரு தழும்பு இருப்பதால் எண்பத்திரண்டு வயதிலும் எதுவும் மறக்கவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வாழைப்பழக் கிடங்கின் பின்சுவர்தான் எங்கள் ஆட்டக்களம். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பஞ்சுப்பொதி இழுக்கிறவர்கள் அங்கே கூடுவோம். முதல் ஞாயிறன்று ஆக்டேவ் என் கையில் இரண்டு பகடைகளை வைத்தான். ஆறரை அடி ஆள். அவன் கரையில் நடந்தால் மிசிசிப்பியில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறும் என்பார்கள். நான் அளந்து பார்த்திருக்கிறேன், அரை விரற்கடைதான்.

பகடையை மெதுவாகக் காலடியில் உருட்டினேன். முழங்காலுக்குக் கீழே ஆக்டேவின் உதை விழுந்தது.

"சுவத்துல பட்டுத் திரும்பணும்டா! உங்க வீட்டுத் தொட்டில்னு நெனச்சியா, தாலாட்டுறதுக்கு?"

அடுத்த வீச்சைச் சுவரில் அடித்தேன். இரண்டும் சேர்ந்து ஏழு. எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

"மொத வீச்சுல ஏழோ பதினொண்ணோ விழுந்தா ஜெயிப்பு," என்றார் கிளியோஃபஸ். பந்தயப் பொருளைத் தன் தொப்பியில் காப்பவர் அவர். வழக்கு வந்தால் தீர்ப்பும் அவருடையதே. "ரெண்டு, மூணு, பன்னெண்டுன்னா தோல்வி. வேற எது விழுந்தாலும் அதுதான் ஒன்னோட பாயிண்ட். அது மறுபடி விழுற வரைக்கும் வீசிக்கிட்டே இரு."

ஜெயித்தது தலைக்கேறிவிட்டது. பொதி இழுக்கும் என் இரும்புக் கொக்கியைப் பந்தயம் வைத்தேன். ஆறு விழுந்தது, அதுவே பாயிண்ட். அடுத்து ஏழு. நான் துள்ளிக் குதித்தேன். தரையிறங்குவதற்குள் ஆக்டேவின் முட்டி என் வாயில் இறங்கியது.

"பாயிண்ட் வந்தப்புறம் ஏழு விழுந்தா நீ காலிடா!"

"மொதல்ல ஜெயிச்சதும் இதே ஏழுதானேண்ணே?"

இன்னொரு குத்து. முதல் வீச்சில் சொந்தக்காரனாக வரும் ஏழு, அப்புறம் ஜப்திக்காரனாக வரும் என்பதை ஒரு கோரைப்பல் விலைக்குத் தெரிந்துகொண்டேன். கொக்கியும் ஆக்டேவிடம் போயிற்று.

கொக்கி இல்லாதவன் பொதியை நகர்த்த முடியாது. அந்த வாரம் முழுக்க மேஸ்திரி என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டான். இன்னொரு திங்கட்கிழமையும் வெறுங்கையோடு போய் நின்றால் என் பெயரையே அடித்துவிடுவான்.

அடுத்த ஞாயிறு ஆக்டேவ் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தக் கொக்கிய வச்சு ஆடுங்க."

"நீ என்னத்தடா வைப்ப?"

பையைத் திருப்பிக் காட்டினேன். அவன் சவரக்கத்தியை விரித்தான்.

"வலது காது."

அவனுடைய புகையிலை டப்பாவில் காய்ந்த காதுகள் இருப்பதாக ஊரில் பேச்சு. நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டுதான் இருந்தன, அதில் ஒன்று பன்றியுடையது. சரி என்றேன்.

என் பக்கம் ஆறு பேர் காசு வைத்தார்கள். கெளுத்தி மீன் பொரித்து விற்கும் யூலாலி அக்காவும் கால் டாலரைத் தொப்பியில் போட்டாள். மற்றவர்கள் ஆக்டேவ் பக்கம்.

முதல் வீச்சில் நாலு.

ஆக்டேவ் கத்தியைத் தோல்பட்டையில் தீட்ட ஆரம்பித்தான். "நாலு விழ மூணு வழி. இன்னொண்ணு விழ ஆறு வழி. காத நல்லா தொடச்சுக்கோ தம்பி."

அந்த இன்னொன்றின், அதாவது அந்த ஜப்திக்காரனின், பெயரைச் சொல்லக்கூடாது. பாயிண்ட் ஓடும்போது யார் அதை வாய்விட்டுச் சொன்னாலும் பகடை கேட்டுக்கொள்ளும். சொன்னவனை, வீசுகிறவன் பக்கம் காசு வைத்தவர்கள் அடிக்கலாம். பாதிரியாரே அதைப் பாவமென்று சொன்னதில்லை. ஆனால் வீசுகிறவனே சொல்லிவிட்டால் அடிக்க ஆளில்லை. அவன் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டவன்.

"ஏன்டா, வாரத்துக்கு எத்தன நாளு?" என்றான் ஆக்டேவ்.

"வேல இருந்தா நெறைய, இல்லாட்டி இன்னும் நெறைய."

ஒன்பது விழுந்தது. மறுபடி வீசினேன், ஐந்து.

"ஒங்கம்மாவுக்கு எத்தன புள்ளைங்க?"

"அதுக்கே கணக்குத் தெரியாதுண்ணே."

எட்டு. வியர்வை காதுக்குள் வழிந்தது. பகடையைக் குலுக்கிக் கையை ஓங்கினேன். அப்போது யூலாலி அக்கா எண்ணெயைக் கிளறிக்கொண்டே, இரும்புச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்:

"ஆக்டேவு, வீட்டுக்கு எத்தன துண்டுப்பா கட்டட்டும்?"

ஆக்டேவ், பெண்டாட்டி, ஐந்து பிள்ளைகள். ஞாயிறுதோறும் சொல்லும் பதில்.

"ஏழு," என்றான்.

ஆற்றில் போன படகுகூட ஒரு கணம் நின்றது.

பிறகு ஆறு பேரும் பாய்ந்தார்கள். ஒருவன் பெல்ட்டைக் கழற்றினான், ஒருவன் வாழைத்தாரின் காம்பை எடுத்தான். ஆக்டேவ் இரண்டு பேரைத் தூக்கி வீச, அதில் ஒருவன் என் கையில் மோதி, பகடைகள் உயரே பறந்தன. கத்தி எங்கேயோ போயிற்று. யாரோ ஆக்டேவின் முழங்கையைத் தவறான பக்கம் மடக்கினார்கள். அவன் வாயைப் பிளந்து அலறினான். அக்கா மீனைப் பத்திரமாகத் தட்டில் மாற்றி, எண்ணெயையும் வடித்துவிட்டு, காலிச் சட்டியால் அவன் தாடையில் ஒரு சாத்து சாத்தினாள். தலை கிடங்குச் சுவரில் மோதியதில் மூன்று செங்கல் உள்ளே போயிற்று. மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம்.

எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். சுவரோரம் ஒரு பகடை கிடந்தது: மூன்று. இன்னொன்றைக் காணோம்.

ஆக்டேவ் தவழ்ந்து எழுந்து துப்பினான். பல், பல், இன்னும் பல். கடைசியாக ஒரு சிவந்த துண்டு மட்டும் உருண்டு போய் நின்றது. மேலே ஒரே ஒரு புள்ளி.

"நாலு!" என்று கத்தினேன்.

"செல்லாது," என்றான் ஆக்டேவ் பக்கம் காசு வைத்த ஒருவன். "அது சுவத்துல படல."

கிளியோஃபஸ் குனிந்து பகடையைப் பார்த்தார். சுவரின் பள்ளத்தையும் பார்த்தார்.

"அவன் மண்ட சுவத்துல பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"பகட மண்டைக்குள்ளதானே இருந்துச்சு? அப்ப அதுவும் பட்ட மாதிரிதான். நாலு செல்லும்."

என் கொக்கியை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி என் கையைப் பார்த்துத் தலையாட்டினான். பக்கத்தில் ஆக்டேவ், தாடையில் துணிக்கட்டும் தூளியில் ஒரு கையுமாக நின்றான்.

"எத்தன பல்லுண்ணே போச்சு?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

சுற்றிலும் பார்த்தான். பகடை எங்கும் ஓடவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நல்ல கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். பிறகு மடக்கி, இரண்டை மட்டும் நீட்டினான்.