இரண்டு வெள்ளரளி

எவனோ போட்ட கையெழுத்துக்கு என் மகள் வயிற்றை ஏன் கிழிக்க வேண்டும்? பிரபாவதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கொல்லிமலைக் கோயிலில், சம்பந்தி பொன்னாத்தாளின் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். சேந்தமங்கலத்தில் பஸ் ஏறியதிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தாள்.

அமெரிக்காவில் மகள் வித்யாஸ்ரீக்கு எட்டாம் மாதம். பெற்றோர் வேலை விசாவில் இருந்தால், அங்கே பிறக்கும் குழந்தைக்கு இனிக் குடியுரிமை இல்லை என்று அந்நாட்டு அதிபர் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு அமலாகும் தேதிக்கு முன் பிறந்துவிட்டால் கவலையில்லை. அதனால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றான் மருமகன் இளங்கோ. வித்யா மறுத்தாள். கோர்ட் தடை போட்டிருக்கிறது, அந்த உத்தரவை நிறைவேற்ற அரசுப் பணம் ஒரு காசும் போகக் கூடாதென்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதாவும் கொண்டுவந்திருக்கிறார்கள், பொறுப்போம் என்றாள்.

"மசோதா பாஸாகறதுக்குள்ள புள்ள காலேஜுக்கே போயிருமுங்க அத்தை," என்று போனில் சிரித்தான் இளங்கோ. நுரையீரல் இன்னும் தேறாத பிள்ளை மூச்சுக்கு என்ன செய்யும் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் சண்டை. கடைசியில் வித்யா சலித்துப்போய், பூ கேட்டுப் பாருங்கள், அம்மன் சொன்னால் சரி என்றுவிட்டாள்.

வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி என்று பொன்னாத்தாள் இரண்டு பொட்டலங்களையும் ஊரிலேயே கட்டி எடுத்து வந்திருந்தாள். பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளரளி. அதைப் பிரபாவதியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

"அம்மனே சொல்லீட்டா. இனி என்னுங்க யோசனை?" பொன்னாத்தாள் வீடியோ கால் போட்டு போனை நீட்டினாள்.

வராமல் போன அந்தச் சிவப்பை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது பிரபாவதிக்கு. காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அதிலும் வெள்ளை.

பொன்னாத்தாளின் முகம் மாறவில்லை, குரல்தான் தாழ்ந்தது. "பேரப்புள்ள நல்லதுக்குத்தானுங்க சம்பந்தி. நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. வெள்ளை வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. பொய்யில்லீங்களே."

பொய்யில்லை. அதுதான் நெஞ்சில் எரிந்தது.

அழைப்பு இணைந்து, திரையில் வித்யாவின் வீங்கிய முகம் தெரிந்தது. "அம்மா, என்ன பூம்மா வந்துச்சு?"

"சொல்லுங்க." பொன்னாத்தாளின் முழங்கை இடித்தது.

பிரபாவதி இடது கையைப் போனுக்கு முன்னால் கொண்டுவந்து விரித்தாள். பஸ் சூட்டில் ஓரம் வாடிய இரண்டு அரளிகளும் உள்ளங்கையில் ஒட்டிக் கிடந்தன.